மூன்று நிமிடம்

வானொலிக்காரர்களுக்கு மூன்று நிமிடம் என்றால் எவ்வளவு நீளம் என்று நன்றாகத் தெரியும். ஒலிபரப்பில் மூன்று விநாடி சத்தம் வராவிட்டாலே கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். மூன்று நிமிடத்தில் தலைப்புச் செய்தி, வானிலை, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசல் மூன்றையும் சொல்லி முடித்து, அடுத்த பாட்டுக்கு முன்னுரையும் கொடுத்துவிடலாம்.

அதே மூன்று நிமிடம், கணுக்கால் மறையும் புல்லில் குனிந்து ஒரு வெள்ளைப் பந்தைத் தேடும்போது மட்டும் எங்கே போகிறது என்றே தெரிவதில்லை.

இந்த வாரம் கோல்ஃப் பற்றி எழுதப் போகிறேன். "அது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது கோல்ஃப் பற்றியது என்பதைவிடப் புல் பற்றியது. புல்லோடு நம் சமூகத்துக்கு மூன்று தலைமுறைப் பழக்கம் உண்டு. கூடவே, எழுபத்தொரு வயது மனிதர் ஒருவர் தன் லாக்கர் சாவியைத் திருப்பிக் கொடுத்த கதையும் இதில் இருக்கிறது.

முதலில், விளையாடாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பந்தை முதலில் அடிக்கும் இடம் டீ. கொடிக்கம்பமும் குழியும் இருக்கும் இடம் கிரீன். அங்கே புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டருக்குக் கம்பளம்போல வெட்டி வைத்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் நீளமாக ஓடும் பாதைக்கு ஃபேர்வே என்று பெயர். அங்கே புல் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். அந்தப் பாதைக்கு இரண்டு பக்கமும் வேண்டுமென்றே உயரமாக விட்டு வைக்கும் புல்லுக்குத்தான் ரஃப் என்று பெயர். நேராக அடித்தால் ஃபேர்வே, கோணலாக அடித்தால் ரஃப். செய்த தப்புக்கு ஒரு சின்னத் தண்டனை. அவ்வளவுதான் அதன் நியாயம்.

அந்தச் சின்னத் தண்டனை பெரிய தண்டனையாக மாறினால் என்ன ஆகும் என்பதைப் போன நவம்பரில் பார்த்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்

அதற்கு முன் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உயரமான ரஃப் ஒரு காலத்தில் எனக்குச் சோறு போட்டது. சோறு என்பது கொஞ்சம் அதிகம்தான். ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தது.

நாங்கள் இருந்த தோட்டத்து லயத்துக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கோல்ஃப் திடல். அதுவும் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலம்தான் என்று அப்பா சொல்வார். பள்ளி விடுமுறையில் அண்ணனும் நானும் வேலி இடுக்கில் நுழைந்து, ஓரத்துப் புல்லில் தொலைந்த பந்துகளைப் பொறுக்குவோம். வாளித் தண்ணீரில் கழுவி, பழைய பனியனால் துடைத்து, வாகன நிறுத்துமிடத்தில் நின்று விற்போம். சாதாரணப் பந்து ஐம்பது காசு. கீறல் இல்லாத நல்ல பந்து ஒரு வெள்ளி. மழைக்காலத்தில் புல் உயர்ந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்கு மட்டும் பயம். "புல்லுக்குள்ள கைய விடாத, குச்சியால தட்டிப் பாரு" என்று தினமும் சொல்லி அனுப்புவார். நாகப்பாம்பு எங்கள் தோட்டத்தில் அபூர்வமான விருந்தாளி அல்ல.

அந்தச் சிறுமி பெரியவளாகி, வானொலியில் சேர்ந்து, ஒரு நிறுவனத்தின் கோல்ஃப் போட்டிக்கு அறிவிப்பாளராகப் போய், அங்கே சும்மா ஒரு மட்டையைப் பிடித்துப் பார்த்து, அப்படியே அதில் விழுந்துவிட்டாள். நான்கு வருடமாகச் சனிக்கிழமைகளில் விளையாடுகிறேன். இப்போது பந்தைத் தொலைப்பவர்களில் நானும் ஒருத்தி. ஒரு பந்து எட்டு வெள்ளியிலிருந்து இருபது வெள்ளி வரை. ஒவ்வொன்று தொலையும்போதும் அந்தப் பழைய ஐம்பது காசு நினைவுக்கு வரும்.

சாரோடு சனிக்கிழமை

எங்கள் கிளப்பின் பெயர் வேண்டாம். பெரிய கிளப்பும் அல்ல, புகழ்பெற்றதும் அல்ல. அங்கே என்னோடு விளையாடுபவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர். எல்லாருக்கும் அவர் 'சார்'. மனைவி தவறி ஆறு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வாரத்தில் மூன்று காலை தன் பையைத் தானே இழுத்துக்கொண்டு பதினெட்டுக் குழியும் நடந்தே விளையாடுவார். தூரமாக அடிக்க மாட்டார், ஆனால் நேராக அடிப்பார். வலது கண்ணில் மட்டும் பார்வை கொஞ்சம் மங்கல்.

போன நவம்பரில் மாலைக்கு மாலை இடிமழை. நம் மேற்குக் கரையில் பருவமாற்றக் காலம் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழையோடு சேர்ந்து ஒரு பெரிய போட்டிக்கான ஏற்பாடும் வந்தது. திடலைப் 'போட்டித் தரத்துக்கு' உயர்த்துவதாக அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். உரம் போட்டார்கள். ரஃபை வெட்டுவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்தில் ஐந்து சென்டிமீட்டர் புல் பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆனது.

எண்ணாகச் சொன்னால் பெரிதாகத் தெரியாது. கோல்ஃப் பந்தின் குறுக்களவு குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலான பந்துகள் அந்த அளவுதான். அப்படியானால் பத்து சென்டிமீட்டர் புல் என்பது இரண்டு பந்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் மறைத்துவிடும் உயரம். அதிலும் நம் ஊர் ரஃபில் இருப்பது பெரும்பாலும் எல்லாரும் 'கவ் கிராஸ்' என்று சொல்லும் அகன்ற இலைப் புல். பள்ளித் திடலிலும் வீட்டு முன்வாசலிலும் இருப்பது அதேதான். மெல்லிய புல் என்றால் பந்து மேலே கொஞ்சம் மிதந்து நிற்கும். இந்த அகல இலையில் பந்து வழுக்கி அடிக்குப் போய்விடும். மேலே இலை மூடிக்கொள்ளும். இரண்டடி தள்ளி நின்றாலும் தெரியாது.

அன்றைக்கு மாதாந்தரப் போட்டி. சார் முதல் ஒன்பது குழிக்குள் ஐந்து பந்தைத் தொலைத்தார். அவர் அடித்த ஐந்துமே ஃபேர்வே ஓரத்திலிருந்து நாலைந்து மீட்டருக்குள்தான் விழுந்தன. நானே பார்த்தேன். விழுந்த இடம் தெரியும், பந்துதான் கிடைக்காது.

2019 முதல், தொலைந்த பந்தைத் தேட மூன்று நிமிடம்தான். அதற்கு முன் ஐந்து நிமிடம் இருந்தது. நேரம் முடிந்தால் ஒரு தண்டனை அடியோடு, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பிப் போய் மறுபடி அடிக்க வேண்டும். எழுபத்தொரு வயதில், ஈரப் புல்லில், இருநூறு மீட்டர் பின்னால் நடந்து போய், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க மறுபடி அடிப்பது எப்படி இருக்கும்? ஒன்பதாவது குழி முடிந்ததும் சார் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"நீங்க ஆடுங்கம்மா. என்னால உங்களுக்கும் தாமதம்."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் அலுவலகத்தில் லாக்கர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். அவரோடு காலையில் ஆடும் மூத்தவர்கள் எட்டுப் பேர். டிசம்பர் தொடக்கத்தில் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள்.

யாருக்குத் தண்டனை?

கிளப்பில் இதை எடுத்தபோது, நன்றாக ஆடும் ஒரு நண்பர் சிரித்தார். "கோணலா அடிச்சா தண்டனை வேணும்லா. இல்லன்னா கோல்ஃப் எதுக்கு?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தப்புக்கு விலையே இல்லையென்றால் ஆட்டத்தில் சுவை இல்லை. அமெரிக்க ஓப்பன் போட்டியில் ரஃப் கொடூரமாக இருக்கும். 2025-இல் ஓக்மாண்ட் திடலில் ரஃப் ஐந்து அங்குலம். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் நான்கு நாள் ஆடி, 'பார்' என்ற வரையறைக்குக் கீழே முடித்தவர் ஒரே ஒருவர்தான், வெற்றி பெற்ற ஜே.ஜே. ஸ்பான். அதுவும் ஒரே ஓர் அடி வித்தியாசத்தில். தொலைக்காட்சியில் பார்க்க அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அங்கே இருக்கும் ஒன்று நம்மிடம் இல்லை. அங்கே ஒவ்வொரு குழியிலும் பந்து எங்கே விழுகிறது என்று கவனிக்கத் தன்னார்வலர்கள் நிற்கிறார்கள். பந்து விழுந்த இடத்தில் கொடி நடுகிறார்கள். சுற்றிலும் ஆயிரக்கணக்கான பார்வையாளர்கள். அங்கே ரஃப் அடியைத்தான் கடினமாக்குகிறது. பந்து காணாமல் போவது அபூர்வம். நம் கிளப்பில் சனிக்கிழமை காலை பந்தைத் தேட நான்கு பேர், எட்டுக் கண்கள். அதிலும் சாரின் ஒரு கண்ணைப் பாதிதான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உயரமான புல் எல்லாரையும் ஒரே அளவில் தண்டிப்பதில்லை. மட்டை புல்லுக்குள் இறங்கும்போது, புல் மட்டையின் கழுத்தைச் சுற்றிப் பிடிக்கும். மட்டையின் முகம் திரும்பிக்கொள்ளும், வேகம் இறங்கிவிடும். அதை அறுத்துக்கொண்டு வெளியே வரப் பலம் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை ஆண்கள் டிரைவர் மட்டையை ஏறக்குறைய மணிக்கு 185 கிலோமீட்டர் வேகத்தில் சுழற்றுகிறார்கள். சாதாரண கிளப் ஆண்கள் 150-ஐ ஒட்டி. நானும் சாரும் அதற்கும் வெகு கீழே. எனவே ஒரே புல்லில், பலசாலிக்கு அரை அடி நஷ்டம், எங்களுக்கு இரண்டு அடி நஷ்டம்.

2020 அமெரிக்க ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். விங்டு ஃபுட் திடல், பயமுறுத்தும் ரஃப். பிரைசன் டிஷாம்போ நான்கு நாளில் 56 ஃபேர்வேயில் 23-இல்தான் பந்தை நிறுத்தினார். பாதிகூட இல்லை. ஆனால் ஆறு அடி வித்தியாசத்தில் அவர்தான் வென்றார். ரஃபிலிருந்து பிய்த்து எடுக்கும் பலம் அவருக்கு இருந்தது. கோணலாக அடிப்பவனைத் திருத்த வளர்த்த புல், பலமாக அடிப்பவனுக்கு உதவி செய்ததுதான் அதில் நடந்தது. நேராக அடித்து, எப்போதாவது நான்கு மீட்டர் விலகும் சார் போன்றவர்களுக்குத்தான் முழுத் தண்டனையும்.

அலிஸ்டர் மெக்கன்ஸி என்ற திடல் வடிவமைப்பாளர் 1920-இல் ஒரு புத்தகம் எழுதினார். பின்னாளில் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டா திடலை வடிவமைத்தவர் அவர். ஒரு நல்ல திடலுக்கு வேண்டியவை என்று அவர் பட்டியலிட்டவற்றில் ஒன்று, தொலைந்த பந்தைத் தேடும் எரிச்சல் அறவே இருக்கக் கூடாது என்பது. நூறு வருடத்துக்கு முன்பே சொல்லியாயிற்று. அகஸ்டாவிலும் 1999 வரை ரஃப் என்று சொல்ல எதுவுமே இல்லை. அதனால் அந்தத் திடல் எளிது என்று யாரும் சொன்னதில்லை.

நேரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நான்கு பேர் கொண்ட குழு. ஆளுக்கு நான்கு முறை பந்து ரஃபில் மறைகிறது என்று வையுங்கள். பதினாறு தேடல். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் என்றால் நாற்பத்தெட்டு நிமிடம். ஏறக்குறைய ஒரு மணி நேரம் வெறும் தேடலிலேயே போய்விடும். பின்னால் வரும் குழுக்கள் டீயில் காத்து நிற்கும். கடைசியாகக் கிளம்பிய குழு பதினைந்தாவது குழியில் இருக்கும்போது வானம் கறுத்து, மின்னல் எச்சரிக்கை ஒலி அடிக்கும். எல்லாரும் ஓட வேண்டியதுதான். நவம்பரில் இரண்டு சனிக்கிழமை எங்களுக்கு இதுதான் நடந்தது.

ஹேண்டிகேப்பும் இதில் அடிபடுகிறது. ஒவ்வொரு திடலுக்கும் எவ்வளவு கடினம் என்று அளந்து ஒரு மதிப்பீடு கொடுத்திருப்பார்கள். ரஃபின் உயரமும் அதில் ஓர் அம்சம். அளந்தபோது ஐந்து சென்டிமீட்டர் இருந்த புல் இன்றைக்குப் பன்னிரண்டு என்றால், காகிதத்தில் இருப்பது ஒரு திடல், நாம் ஆடுவது வேறு திடல். 2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில், அன்றைய நிலைமைக்கேற்பச் சிறு திருத்தம் செய்ய வழி உண்டு. ஆனால் அதற்குக் குறைந்தது எட்டுப் பேரின் கணக்கு வேண்டும். திருத்தமும் அதிகபட்சம் மூன்று அடிதான். ஐந்து பந்து தொலைத்தவருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

புல்லுக்கும் ஒரு கணக்கு

கோபத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. திங்கட்கிழமை காலை நிகழ்ச்சியில் இதைப் பேசிவிட்டால் என்ன? பெயர் சொல்லாமல் நான்கு வார்த்தை போதும், புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்துவிடும். சாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மைக் உன் கையில இருக்கு, அவங்க கையில இல்ல. அது நியாயமான சண்டை இல்லம்மா. முதல்ல புல்ல வெட்றவங்ககிட்ட போய்க் கேளு, ஏன் வெட்டலன்னு."

தலைமையாசிரியர் சொன்னால் தட்ட முடியுமா? விடுப்பு நாளில் காலை ஆறு மணிக்குப் பராமரிப்புக் கொட்டகைக்குப் போனேன். மேற்பார்வையாளர் தமிழர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய அப்பாவும் பால்மரம் சீவியவர். அவருக்குக் கீழே பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளர்கள். நான் கேள்வியை முடிப்பதற்குள் சிரித்தார்.

"எனக்கு மட்டும் புல்லு வளக்க ஆசையாம்மா? வாங்க, காட்றேன்."

அன்று காலை நான் கற்றுக்கொண்டது எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத பாடம். வேலைக்கு ஒரு வரிசை இருக்கிறது. கிரீன் தினமும் வெட்ட வேண்டும். பிறகு டீ, ஃபேர்வே. ரஃப் கடைசி. மழையில் ஒரு நாள் போனால் வரிசையின் கடைசியில் இருப்பதுதான் முதலில் விடுபடும். ரஃப் வெட்டும் இயந்திரம் இரண்டு. ஒன்று உதிரிபாகத்துக்காக ஒரு மாதமாக நிற்கிறது. ஈர மண்ணில் கனமான இயந்திரத்தை இறக்கினால் சக்கரம் புதைந்து பள்ளம் விழும். அது புல்லைவிடப் பெரிய தொல்லை.

"சரி அண்ணே, நாளைக்கு வெயில் அடிச்சா ஒரே நாள்ல வெட்டிட முடியாதா?"

"முடியாது. ஒரு தடவைக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டக் கூடாதும்மா. மொத்தமா வெட்டினா வெறும் தண்டுதான் நிக்கும், மஞ்சளாப் போயிடும். வெட்டின புல்லு குவியல் குவியலாக் கிடக்கும். அதுக்குள்ள பந்து போனா அதையும் தேடணும்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு சென்டிமீட்டரை எட்டாக்க ஒரு வெட்டு. சில நாள் விட்டு எட்டை ஐந்தரையாக்க இன்னொரு வெட்டு. அதற்குள் நம் ஊர் வெயிலும் மழையும் சும்மா இருக்காது. குளிர்நாட்டில் புல்லுக்கு வருடத்தில் சில மாதம் தூக்கம் உண்டு. இங்கே பன்னிரண்டு மாதமும் விழித்திருக்கும். மூன்று வாரம் வெட்டாமல் விட்டதைச் சரிசெய்யக் கிட்டத்தட்ட அதே அளவு காலம் ஆகும். ரஃபை வளர விடுங்கள் என்று மேலே இருந்து சொல்வது ஒரு வரி. இறக்குவது இவர்களுக்கு மூன்று வார வேலை.

கிளம்பும்போது, "யாராவது இங்க வந்து கேட்டாங்களா அண்ணே?" என்றேன்.

"நீங்கதாம்மா முதல் ஆளு. மத்தவங்க எல்லாம் பலகையில எழுதித் திட்றதோட சரி."

நானும் திட்டத்தான் இருந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு பக்கக் கடிதம்

வானொலியில் பேசவில்லை. ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். சாரிடம் காட்டினேன். சிவப்புப் பேனாவால் இரண்டு எழுத்துப் பிழை திருத்தினார். 'கொடூரம்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'சிரமம்' என்று எழுதினார். பதினேழு பேர் கையெழுத்துப் போட்டோம். மூன்றே வேண்டுகோள்.

ஒன்று, ஃபேர்வேயின் இரண்டு பக்கமும் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடுத்தர உயரத்தில் ஒரு பட்டை வெட்ட வேண்டும். முழு ரஃபையும் வெட்ட இயந்திரம் போதாது. இந்தப் பட்டைக்குப் போதும் என்று அண்ணனே சொன்னார். கொஞ்சம் தப்பியவருக்குக் கொஞ்சம், ரொம்பத் தப்பியவருக்கு ரொம்ப என்று தண்டனையும் அளவாகிவிடும்.

இரண்டு, பெண்கள் டீ, மூத்தோர் டீயிலிருந்து பந்து வழக்கமாக விழும் இடங்களில் ரஃபைத் தாழ்வாக வைக்க வேண்டும்.

மூன்று, புல் உயர்ந்திருக்கும் மழை வாரங்களில், திரும்பிப் போய் அடிப்பதற்குப் பதிலாக இரண்டு தண்டனை அடியோடு பந்து தொலைந்த இடத்துக்கு நேராக ஃபேர்வே ஓரத்தில் புதுப் பந்தைப் போட்டு ஆடலாம் என்ற உள்ளூர் விதியைக் கொண்டுவர வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. 2019 விதித் திருத்தத்திலேயே, உயர்நிலைப் போட்டிகளைத் தவிர்த்து, கிளப் ஆட்டங்களுக்காக அனுமதித்த விதிதான்.

முடிவு? முதலாவதும் மூன்றாவதும் டிசம்பர் இறுதியில் வந்துவிட்டன. இரண்டாவது 'ஆய்வில் இருக்கிறது'. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும். சிரித்த அந்த நண்பர் இன்னமும் ரஃப் உயரமாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறார். ஆனால் கடிதத்தில் பதினேழாவது கையெழுத்து அவருடையது. அவருடைய அப்பாவுக்கும் எழுபது வயது.

விளையாடும் வாசகர்களுக்கு, பட்டறிவில் சில குறிப்புகள். பந்து ரஃபுக்குள் போனது போலத் தெரிந்தால், நகர்வதற்கு முன்பே 'தற்காலிகப் பந்து' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு இன்னொன்றை அடித்து வையுங்கள். திரும்பி நடக்கும் வேலை மிச்சம். பந்து விழும்வரை கண்ணை எடுக்காமல், பின்னால் இருக்கும் ஒரு மரத்தோடு சேர்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மஞ்சள், ஆரஞ்சு நிறப் பந்து வாங்கினால் வெட்கம் ஒன்றும் இல்லை. தேடும்போது தவறிப்போய்ப் பந்தை மிதித்து நகர்த்திவிட்டால் இப்போது தண்டனை கிடையாது, அதே இடத்தில் திரும்ப வைத்தால் போதும். பந்து கிடைத்த பிறகு வீரம் காட்டாதீர்கள். நீள மட்டையைப் பையிலேயே விட்டுவிட்டு, முகம் சாய்ந்த குட்டை மட்டையை இறுக்கிப் பிடித்து, பக்கத்தில் தெரியும் ஃபேர்வேக்கு வெளியே எடுங்கள். ஓர் அடி போனால் போகட்டும். இன்னொன்று, என் அம்மாவின் அறிவுரை: கையை விடாதீர்கள், மட்டையால் தட்டிப் பாருங்கள்.

ஜனவரி மூன்றாவது சனிக்கிழமை. வாகன நிறுத்துமிடத்தில் சாரின் பழைய நீல நிற புரோட்டோன் நின்றது. லாக்கர் சாவியைத் திரும்ப வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை. "இன்னிக்கு ஒம்பது குழி மட்டும்" என்றார். நான்காவது குழியில் அவர் பந்து இடது பக்கம் விலகிப் புது வெட்டுப் பட்டையையும் தாண்டி உருண்டு, உயரப் புல்லுக்குள் போனது. நாங்கள் போய்க் குனிந்தோம். தூரத்தில் ரஃப் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். மூன்று பேரும் மட்டையாலும் காலாலும் புல்லை விலக்கினோம்.

"இங்க இருக்கு சார்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி.

சார் குட்டை மட்டையை எடுத்தார். பந்து பெரிதாக ஒன்றும் பறக்கவில்லை. முப்பது மீட்டர் போய் ஃபேர்வே நடுவில் நின்றது. பையை இழுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.

பதினெட்டும் ஆடிவிட்டுத்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போனோம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.